தலையின் எடை

படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. காய்ச்சல் உண்டா, வலிப்பு நோய் உண்டா, இதய நோய்க்கு மருந்து உட்கொள்கிறீர்களா, ஆறாத புண் உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, நீச்சல் தெரியுமா எனச் சென்ற வரிசையில் முதல் பத்துக்கும் அவள் தயங்காமல் விடையெழுதினாள். பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. "உங்கள் உடலில் பிறர் தொட வேண்டாம் என நீங்கள் விரும்பும் இடம் எது?" முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருப்பவள்; வினாநிரல் அமைப்பது குறித்து முதுகலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள். அந்த ஒரு வரிக்கு என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் அவளிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை. நெடுநேரம் யோசித்துக் 'கழுத்து' என்று எழுதினாள். கழுத்து வலிக்காகத்தான் அவள் அங்கு வந்திருந்தாள்.

பெங்களூரின் வடபகுதியில், மரங்கள் இன்னும் வெட்டப்படாத ஒரு தெருவின் முடிவில் இருக்கும் வீடு அது. பின்கட்டில், கூரையிட்ட ஒரு சிறிய குளம். நீர் மார்பளவு ஆழம். வெப்பம் 35 பாகை செல்சியஸ். நீச்சல் குளங்களில் வழக்கமாக வீசும் குளோரின் நெடி அங்கு மெலிதாகவே இருந்தது. தோழியர் இருவர் சேர்ந்து அவளுடைய பிறந்தநாளுக்கு அளித்த பரிசு அந்த ஒரு மணி நேரம். அதன் கட்டணம், விடுதியில் அவள் ஒரு மாத உணவுக்குச் செலுத்துவதைவிடச் சற்று அதிகம். பரிசாகக் கிடைத்திராவிட்டால் அவள் அந்தத் தெருவுக்குள் நுழைந்திருக்க மாட்டாள். தஞ்சை மாவட்டத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவரி ஆவணங்களை மடிக்கணினித் திரையில் உருப்பெருக்கிப் படித்தே அவளுடைய கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப் போயிருந்தன. எலும்பில் கோளாறில்லை என்று எக்ஸ்ரே சொன்னது. வலி நிவாரணிகளும் பிசியோதெரபியும் ஓரளவு உதவின. இரவில் தலையணையில் தலையை வைத்த பின்னும் கழுத்து மட்டும் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சிகிச்சைக்கு வாட்சு என்று பெயர். நீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியும் ஷியாட்சு என்னும் ஜப்பானிய அழுத்தமுறையின் பிற்பகுதியும் ஒட்டிப் பிறந்த பெயர். உருவாக்கியவர் ஹரால்டு டல். அவர் மருத்துவர் அல்லர், கவிஞர். சான்பிரான்சிஸ்கோவில் ஜாக் ஸ்பைசரைச் சூழ்ந்திருந்த கவிஞர் வட்டத்தைச் சேர்ந்தவர். ஜப்பானுக்குச் சென்று ஷிசுடோ மசுனாகாவிடம் ஜென் ஷியாட்சு பயின்றார். திரும்பி வந்தபின், 1980இல், வடக்குக் கலிபோர்னியாவிலுள்ள ஹார்பின் வெந்நீரூற்றுகளில், தரையில் கற்ற அழுத்தல்களையும் நீட்டல்களையும் நீரில் மிதக்கும் உடல்கள்மீது செய்து பார்த்தார். நீர் அவருக்குக் காட்டிய உண்மை எளியது. தரையில் படுத்திருப்பவரின் முதுகெலும்பு எப்போதும் எதன்மீதேனும் அழுந்தியிருக்கிறது. நீரில் அது விடுபட்டு நாற்புறமும் அசைகிறது. ஹார்பின் 2015 செப்டம்பரில் காட்டுத்தீயில் எரிந்தது. அதற்குள் இம்முறை கண்டங்களைக் கடந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் 1987இல் ஆளை நீருக்கடியிலும் அழைத்துச் செல்லும் நீர்நடனம் தோன்றியது. தமிழ் நிலத்தில், ஆரோவில்லைச் சேர்ந்த குவயட் மையம் வங்கக் கடலோரத்தில் வாட்சுவையும் ஓபா என்னும் உறவுமுறையையும் கற்பிக்கிறது. பெங்களூரில் அவளை ஏந்திய சிகிச்சையாளரும் அங்கே சில வாரங்கள் பயின்றவர்தாம்.

நீரில் இறங்கியதும் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியையே சுமக்கின்றன. கழுத்தளவு நீரில் அது பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கும் குருதியை நெஞ்சை நோக்கித் தள்ள, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் குருதியை வெளியேற்றுகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டதாகச் சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. நெடுநேரம் நீரிலிருந்தவர்க்குச் சிறுநீர் முட்டுவது இதனால்தான். நீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே வெப்பம் குறைந்தால் அசையாது கிடக்கும் உடல் நடுங்கத் தொடங்கும். மிகுந்தால் தளர்ந்து மயங்கும். 35 பாகையில் தோலுக்கும் நீருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தன் உடல் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது சற்று நேரத்தில் தெளிவற்றுப் போகிறது. இதய நோய் முற்றியவர்களுக்கும் வலிப்பு கட்டுப்படாதவர்களுக்கும் இச்சிகிச்சை கூடாதென்று படிவம் கேட்டறிவதற்கும் இவையே காரணம்.

அவளோ மிதக்கவில்லை. முழங்கால்களில் பஞ்சுபோன்ற இரு மிதவைகளைச் சிகிச்சையாளர் கட்டியபோது சுரைக்குடுக்கை நினைவுக்கு வந்தது. ஊரில் ஆண்பிள்ளைகள் உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு பம்புசெட்டுக் கிணற்றில் குதித்துத்தான் நீச்சல் பழகினார்கள். பெண்பிள்ளைகள் கிணற்று மேட்டில் துணி காயப்போட்டபடி அதைப் பார்த்தார்கள். அவள் வீட்டுப் பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், அந்தக் கிணற்றுக்குள் இறங்கியதே இல்லை. இறங்கக்கூடாதென்று யாரும் பலகை எழுதி வைத்திருக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

"தலையை என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார் சிகிச்சையாளர். கன்னடம் கலந்த தமிழ். "கொடுத்துவிட்டேன் மேடம்" என்றாள் அவள். "இல்லை. இன்னும் நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்."

ஒரு மனிதத் தலையின் எடை நாலைந்து கிலோ. அதை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது இவ்வளவு கடினமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் முழங்கை மடிப்பில் அவளுடைய பிடரி கிடந்தது. மற்றொரு கை இடுப்பெலும்பின் கீழ் ஏந்தியிருந்தது. காதுகள் நீருக்குள். வெளியோசைகள் அடங்கி, தன் மூச்சொலி மட்டும் ஒரு பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் கேட்டது. அவள் மூச்சை உள்ளிழுக்கையில் இருவரும் சற்றே மேலெழுந்தார்கள், வெளிவிடுகையில் தாழ்ந்தார்கள். வாட்சுவின் தொடக்கம் இதுதான். இதற்கு நீர்மூச்சு நடனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏந்துபவர் எதையும் செய்வதில்லை. ஏந்தப்படுபவரின் மூச்சுக்குத் தம் மூச்சை இசைவிப்பார், அவ்வளவே. பிறகே ஆட்டலும் நீட்டலும் சுழற்றலும். முழங்கால்களை மார்பருகே மடித்துப் பின் விரிப்பது, துருத்தி விரிந்து சுருங்குவதுபோல. இடுப்பைப் பற்றி இடவலமாக நீரில் இழுத்துச் செல்கையில் கால்கள் பாசிபோலப் பின்னால் அலையும்.

முதல் கால் மணி நேரம் அவள் எதையும் 'உணரவில்லை'. முன்பதிவு செய்கையில் அனுப்பப்பட்ட குறிப்பில் ஆழ்ந்த அமைதி, கருவறை நினைவு என்றெல்லாம் எழுதியிருந்தது. அவள் மனமோ இரண்டாம் இயலின் அடிக்குறிப்புகளில் திரிந்தது. கூரையிலிருந்த பல்லியை எண்ணியது. நீச்சலுடையின் கை போதிய நீளமில்லை என்று கூசியது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை என்பதையும் நினைத்தது. இத்தகைய சிகிச்சைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். தளர்தல் என்பது கதவைத் திறந்தவுடன் நுழையும் விருந்தாளியன்று. முக்கியமாக, தன் உடலைப் பிறர் பார்வையிலிருந்து காத்தே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, இறுக்கம் ஒரு நோய் மட்டுமன்று; பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட ஒரு திறன்.

பின்பு ஒரு கணத்தில், நீர் ஓசையின்றி ஒரு பக்கமாகச் சரிகையில், பிடரிக்கு அடியிலிருந்த கை மாறியது. முழங்கை மடிப்பு விலகி உள்ளங்கை வந்தது. விரல்கள் விரிந்து காதுகளுக்குப் பின்னிருந்த எலும்புகளைத் தொட்டு நின்றன; எதையும் பற்றவில்லை. அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். தன் உடலில் உணர்ந்த நினைவு அன்று. கண்ணால் ஆயிரம் முறை பார்த்திருந்தாள். அது அவளுடைய அம்மாச்சியின் கை.

காவிரியின் கடைமடையில், கடல் உப்பு காற்றில் தெரியும் ஓர் ஊரில், அம்மாச்சி மருத்துவச்சியாக இருந்தார். நாவிதர் குடும்பங்களின் பெண்கள் பேறு பார்ப்பது தமிழ்நாட்டின் பல ஊர்களில் வழக்கம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பது நாள், நாற்பது நாள் காலையில் சென்று தாய்க்கும் சேய்க்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது அந்தத் தொழிலின் ஒரு பகுதி. கொல்லையில் அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். அம்மாச்சி மணைக்கட்டையில் அமர்ந்து சேலையை முழங்காலுக்கு மேல் திரைத்துக்கொண்டு இரு கால்களையும் நீட்டுவார். அந்தக் கால்களுக்கிடையில் உண்டாகும் பள்ளம்தான் குழந்தையின் படுக்கை. நீரின் சூட்டைப் புறங்கையால் பார்ப்பார், விரல் நுனியால் அன்று. உச்சியில் விளக்கெண்ணெய், உடம்பில் நல்லெண்ணெய். மார்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கைக்கு, அடிவயிற்றிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு நீவுவார். வலக் கையையும் இடக் காலையும் குறுக்காகச் சேர்த்துப் பிரிப்பார். பிறகு கவிழ்த்து, முதுகுத்தண்டின் இருபுறமும் கட்டைவிரலை ஓட்டுவார். செம்பிலிருந்து நீர் ஒரே இழையாக, அறுபடாமல், குழந்தையின் மேல் விழும். அலறிய குழந்தை அந்த இழையின் கீழ் மெல்ல அடங்கும். துவட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி, உரைமருந்து நாவில் தடவிக் கொடுத்தால் மூன்று மணி நேரம் உறங்கும்.

அம்மாச்சி செய்தவை அனைத்தும் சரி என்று சொல்வதற்கில்லை. மூக்கைக் குவித்து ஊதுவதையும் காதில் எண்ணெய் விடுவதையும் குழந்தை மருத்துவர்கள் இன்று கண்டிக்கிறார்கள், கண்டிக்க வேண்டியவைதாம். பேறுகாலத்தில் அவர் கையில் இறந்த தாய்மாரும் இருந்திருப்பர். தமிழ்நாட்டில் இப்போது ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு. அதை வருந்தத்தக்க இழப்பாக எழுதுவது நேர்மையாகாது. கணக்கில் வராமல் போனது, அந்த மாற்றத்தில் கையைவிட்டுப் போன தொடுகையின் அறிவு மட்டுமே.

அதற்கு ஊர் கொடுத்த விலை வேறொரு கணக்கு. பிள்ளை பிறந்த தீட்டைத் துடைப்பவர் என்பதாலேயே அம்மாச்சி தீட்டுக்குரியவரானார். கொல்லைப்புறமாக வந்து கொல்லைப்புறமாகவே போவார். குழந்தையின் தலையை அவர் உள்ளங்கையில் வைத்திருக்கலாம். அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும் அவர் தொட்ட சொம்பைத் தொடக்கூடாது. பேறு வலி கண்ட இரவில் மட்டும் ஊர் அவரை 'மருத்துவச்சி' என்று அழைத்தது. மற்ற நாட்களில் சாதிப் பெயரால் அழைத்தது. கூலி நெல்லாக, பழைய சேலையாக, வெற்றிலைப் பாக்கோடு வைக்கப்பட்ட சில்லறையாக வந்தது. அவள் ஆராயும் வரி ஆவணங்களில், ஊர்த் தொழிலாளர்களுக்குக் களத்தில் அளக்கப்படும் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். இன்று விடுதலையைக் குறிக்கும் சொல், அன்று மரக்கால் கணக்கில் விழுந்த உரிமைப் படியைக் குறித்தது. நாவிதர் சுதந்திரம் இன்ன மரக்கால் என்று கணக்கர் எழுதியிருப்பதை அவள் பல முறை குறிப்பெடுத்திருக்கிறாள். மருத்துவச்சிக்கென்று தனி வரி ஒன்று அவள் கண்ணில் பட்டதில்லை. நாவிதரின் மனைவி செய்யும் வேலையும் நாவிதரின் மரக்காலுக்குள்ளேயே அடங்கிவிட்டது போலும்.

கண்ணீர் வந்தது என்று சொன்னால் வாட்சு பற்றிய எல்லாக் கட்டுரைகளையும் போல ஆகிவிடும். வந்தது. நீருக்குள் கிடக்கும் முகத்தில் அது தனியாகத் தெரியவில்லை என்பது ஒரு வசதி. சிகிச்சையாளர் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய மூச்சு சிதறியபோது தம் மூச்சையும் சிதறவிட்டு, பின் மெல்லச் சேர்த்துக்கொண்டார். இறுதியில் அவள் முதுகைச் சுவரில் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றச் செய்து, தம் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நின்றார். இப்படி விலகி நிற்பதும் பயிற்சியில் கற்பிக்கப்படுவது. ஏந்தியவர் விடைபெறத் தெரிந்திருக்க வேண்டும். தரையில் கால் பட்டதும் உடல் திடீரெனக் கனத்தது. கரையேறியபோது ஒரு மூட்டையைத் தூக்குவதுபோல் அவள் தன்னைத் தூக்கிக்கொண்டாள்.

கழுத்து வலி ஒன்பது நாட்கள் குறைந்திருந்தது. பத்தாம் நாள், மூன்றாம் இயலின் திருத்தங்களோடு, திரும்பி வந்தது. ஆய்வாளராதலால் அவள் நூலகத்தை நாடினாள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் பிளோஸ் ஒன் இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு, வாட்சு வலியையும் மன அழுத்தத்தையும் குறைப்பதற்கான சான்றுகள் நம்பிக்கையளிக்கின்றன என்கிறது. ஆனால் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. தவிரவும், ஒரு மருந்தைப்போல வெற்றுமாத்திரை கொடுத்து இதை ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலாது. ஏந்துவதுபோல் நடித்து ஏந்தாமலிருப்பது எப்படி? வெதுவெதுப்பான நீர் செய்தது எவ்வளவு, கைகள் செய்தது எவ்வளவு, ஒரு மணி நேரம் தொலைபேசி இல்லாதிருந்தது செய்தது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. இதைக் காரணம் காட்டி முறையைப் புறந்தள்ளுவதும் தவறு. இதை மறைத்துக்கொண்டு முதுகுவலி முதல் மனச்சோர்வு வரை தீரும் என விளம்பரம் செய்வது அதனினும் பெரிய தவறு.

இடையே, சொற்களின் மீதான பழைய மோகத்தில், அகராதிகளையும் புரட்டினாள். குளித்தல் என்பதற்கு மூழ்குதல் என்பது பழம்பொருள். முத்துக்குளித்தலில் அது இன்றும் வாழ்கிறது. நீராடல் என்பதிலோ ஆட்டம் இருக்கிறது. பரிபாடல் பாடும் வையைப் புதுப்புனலில் மதுரையே ஆடியது. குளிப்பாட்டுதல் என்னும் சொல்லில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன; ஒருவர் மூழ்க, மற்றொருவர் ஆட்டுவிக்கிறார். இது இலக்கண ஆசிரியர்கள் ஒப்பும் பிரிப்பா என்பது வேறு. தமிழில் அச்சொல்லை உயிரோடிருக்கும் பெரியவர்களுக்குப் பயன்படுத்துவது அரிது. குழந்தையைக் குளிப்பாட்டுவோம், மாட்டைக் குளிப்பாட்டுவோம், பிணத்தைக் குளிப்பாட்டுவோம். இடைப்பட்ட அறுபது எழுபது ஆண்டுகள் நாமே குளித்துக்கொள்கிறோம்.

இரண்டாவது முறை அவள் சிகிச்சைக்காகச் செல்லவில்லை. சிகிச்சையாளரோடு பேசுவதற்காகச் சென்றாள். வாட்சு என்பது பதிவுசெய்யப்பட்ட வணிகக் குறி என்றும், இத்தனை மணி நேரப் பயிற்சி, இத்தனை பேரை மேற்பார்வையில் ஏந்திய பதிவேடு, அதன் பிறகே சான்றிதழ் என்றும் அவர் விளக்கினார். அம்மாச்சியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அவரிடம் நான் கற்றிருக்க வேண்டும்" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் அந்தக் கல்விக்கு எவர் கட்டணம் செலுத்துவார், எந்தச் சான்றிதழில் எவர் கையொப்பமிடுவார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. கவிஞரொருவர் வெந்நீரூற்றில் கண்டறிந்தால் அது முறையாகிறது, பெயர் பெறுகிறது, கண்டங்களைக் கடக்கிறது. இதில் ஹரால்டு டல்லின் குற்றம் ஏதுமில்லை. அவர் எவரிடமிருந்தும் களவாடவில்லை, மசுனாகாவின் பெயரையும் மறைக்கவில்லை. ஒரே வகைத் திறன் ஓரிடத்தில் தொழில்நுட்பமாகவும் மற்றோரிடத்தில் தீட்டாகவும் பெயரிடப்பட்டது எப்படி என்பதே கேட்க வேண்டியது.

அந்தச் சிகிச்சையாளரின் வாழ்வும் எளிதாயில்லை. நாளொன்றுக்கு மூவருக்கு மேல் ஏந்த இயலாது. நீரில் எடை குறைந்தாலும் தோள்கள் மணிக்கணக்கில் விரிந்தே இருக்க வேண்டும். தோல் வெடிக்கும், காதில் தொற்று வரும். 2024 கோடையில் வேறொரு சோதனையும் வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரமே நீருக்காகத் தவித்த அந்த மார்ச்சில், பெங்களூர்க் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது; மீறினால் 5,000 ரூபாய் தண்டம். அவர் குளத்தை வடித்துவிட்டு, மழை வரும் வரை வீட்டுக்கு வருவோருக்குத் தரையில் ஷியாட்சு செய்து காலம் தள்ளினார். "தெருவில் குடத்தோடு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே எப்படிக் குளத்தை நிரப்புவது? தடை இல்லாதிருந்தாலும் நிரப்பியிருக்க மாட்டேன்" என்றார்.

இது என்ன நீர் என்று அவள் கேட்டாள். கேட்டதற்குக் காரணம் உண்டு. காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம், மூன்று நிலைகளில் இறைத்தேற்றப்பட்டு இந்நகரத்தை அடைகிறது. 1974இல் முதல் கட்டம். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம். 2018இல் உச்சநீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக அளித்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தாகத்துக்காக. கடைமடையில் அவளுடைய சித்தப்பா குறுவையைக் கைவிட்ட ஆண்டுகளை அவள் எண்ணிச் சொல்வாள். அதே சமயம், பெங்களூரில் ஐந்தாண்டுகளாக அவள் குடிப்பதும் அந்த நீரைத்தான். 2016 செப்டம்பர்க் கலவரத்தின் கதைகளை விடுதியில் மூத்தவர்கள் தணிந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஊருக்கு வந்து சேராத நீரில்தான் தன் தலை மிதந்ததா என்று அவள் அறிய விரும்பினாள். அதில் ஒரு கட்டுரைக்கான நயம் இருந்ததையும் மறுப்பதற்கில்லை.

"இல்லை, லாரித் தண்ணீர்" என்றார் சிகிச்சையாளர். "ஹொசகோட்டே பக்கம் யாருடைய போர்வெல்லோ. கேட்டால் சொல்ல மாட்டார்கள்."

பொங்கலுக்கு ஊர் சென்றபோது அம்மாச்சி படுக்கையிலிருந்தார். வயது எண்பதைக் கடந்து எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எழுந்து நடமாடுவதில்லை. அம்மா நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டுவார். ஊரின் பாதிப் பேரை அந்த அம்மாள் குளிப்பாட்டியிருக்கிறார். அவரைக் குளிப்பாட்ட ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வருவார்கள் என்று அந்த வீட்டில் எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

"நான் ஊத்துறேம்மா" என்றாள் அவள். அம்மா வியப்போடு பார்த்து, வெந்நீர் அண்டாவை நகர்த்திக் கொடுத்தார். நாற்காலி வேண்டாமென்று, கொல்லைத் திண்ணையில் பாயை விரித்து, தன் கால்களை நீட்டி, அம்மாச்சியின் தோள்களைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். எலும்புக்கூடுபோல மெலிந்த உடல். ஆயினும் தலை மட்டும் கனத்தது; கனத்ததெனச் சொல்வதும் பிழை, அது அவளிடம் வரவே இல்லை. கழுத்து நரம்புகள் கயிறுபோல் புடைத்து, தலையைத் தாமே தூக்கிப் பிடித்திருந்தன. யார் மடியிலும் சாய்ந்தறியாத தலை.

"தலையை எங்கிட்ட குடுத்துடு அம்மாச்சி."

அம்மாச்சி கண்ணைத் திறந்து பார்த்தார். பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பிடரிக்கடியிலிருந்த அவள் கையைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்.

"புடி சரியில்லடி" என்றார். "வெரலால புடிக்காத. வெரல் பயப்படுறது புள்ளைக்குத் தெரிஞ்சுடும். உள்ளங்கையால ஏந்து. ம். இன்னும் கீழ. தண்ணி சூடு பாத்தியா?"